மூச்சுத் திணறலும் "ஒன்றுமில்லை" என்ற பதிலும்

(மில் தொழிலாளர் குடியிருப்பு வாசகசாலை ஒன்றில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காரணம் விளங்காத மூச்சுத் திணறல் என்பதாகும். இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இவன் ஏன் பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டர் வேலைதான். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் மந்திரவாதியிடம் போகிறவர்களைப் பற்றியும், டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொல்லியனுப்பிய பிறகு வாயை மூடிக்கொண்டு வீட்டில் திணறுகிறவர்களைப் பற்றியும் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்?

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். "காரணம் தெரியவில்லை" என்பது ஒரு பேச்சு. "காரணமே இல்லை" என்பது வேறு பேச்சு. முதலாவது யோக்கியமான பேச்சு. இரண்டாவது அகம்பாவமான பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் பேயும், தலைவிதியும், தாயத்துக்காரனும் வந்து குடியேறுகிறார்கள்.

உதாரணமாக அமுக்குவான் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அது வந்திருக்கும். நடு இராத்திரியில் விழிப்பு வருகிறது. கை கால் அசையவில்லை. கத்த வாய் வரவில்லை. மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் மூச்சு முட்டுகிறது. சிறிது நேரத்தில் தானே விட்டுப் போகிறது. காலையில் பாட்டி விபூதி பூசி, தலைமாட்டில் துடைப்பமோ இரும்போ வைக்கச் சொல்லுகிறாள். உண்மையில் நடப்பது என்ன? நாம் கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுவதற்கேற்ப நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும் மாத்திரம் வேலை செய்துகொண்டிருக்கும். சில சமயம் அறிவு முந்தி விழித்துக்கொள்ளுகிறது, தசை பிந்தி விழிக்கிறது. அந்த இடைவேளையில் ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் மார்புத் தசைகள் உதவிக்கு வருவதில்லை. அதுதான் யாரோ அழுத்துவதாகத் தோன்றுகின்றது. கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து தீவில் இதையே ஒரு கிழவி வந்து மார்பில் உட்காருவதாகச் சொன்னார்கள்; ஜப்பானில் உலோகத்தால் கட்டிப் போட்டதுபோல் என்று பெயர் வைத்தார்கள். ஆளுக்கொரு பேய்! ஆனால் எல்லோருக்கும் மூளை ஒன்றுபோல் வேலை செய்கிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும், இரவு பகல் ஷிப்டு மாறி வேலை செய்கிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். ஒழுங்காகத் தூங்கி, ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் குறையும்.

ஆனால் இராத்திரி மூச்சு முட்டுவதெல்லாம் அமுக்குவான்தான் என்று இதை வைத்து யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடாது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தால்தான் சரியாகிறது என்றால் இருதயத்தைச் சோதிக்க வேண்டும். விடியற்காலையில் இருமலும் இரைப்புமாக எழுப்புகிறதென்றால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். பெருங் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறவரானால் அது தொண்டை அடைபடுகிற வியாதி. பேய் ஒன்றுதான், வியாதியோ மூன்று நான்கு இருக்கின்றது பாருங்கள்!

இன்னொரு விஷயம். விரலில் மாட்டும் சிறு கருவி ஒன்று 2020-ல் கொரோனா வந்தபிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதில் 98 என்று காட்டினால், "உனக்குப் பிராணவாயு நன்றாயிருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பது பொய்" என்று வீட்டிலுள்ளோர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இது அறியாமை. மூச்சு விடச் சொல்லி மூளையைப் பெரும்பாலும் தூண்டுவது பிராணவாயு குறைவதல்ல. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதேயாகும். அன்றியும் மார்புத் தசைகள் எவ்வளவு பாடுபடுகின்றன, நுரையீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்ற தகவல்களும் மூளைக்குப் போகின்றன. மூச்சுத் திணறல் என்பது இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கும் ஓர் உணர்ச்சி. பசி எப்படி உணர்ச்சியோ, வலி எப்படி உணர்ச்சியோ, அப்படி. எண் சரியாயிருப்பது நல்ல செய்தியே தவிர, திணறுகிறவள் பொய் சொல்லுகிறாள் என்பதற்குச் சாட்சியல்ல. போதாததற்கு அந்தக் கருவி கறுத்த தோலுள்ளவர்களுக்குச் சில சமயம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடுகிறதென்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இயந்திரத்திற்குக்கூட வெள்ளைத் தோல்மேல் பிரியம் போலும்!

சரி, தேடினால் அகப்படக்கூடிய காரணங்களைத் தேடாமலேயே "விளங்கவில்லை" என்று சொல்லுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். ஏனெனில் இதில் பலியாகிறவர்கள் பெரும்பாலும் பெண்மக்களாயிருக்கிறார்கள்.

ஒரு பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. மாமியார் "சோம்பேறி" என்கிறாள். புருஷன் "மனசுதான் காரணம்" என்கிறான். ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார்களா? 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேர். அதாவது பாதிக்கு மேல்! பிராணவாயுவைச் சுமந்து செல்லுகிற ஹீமோகுளோபின் இரத்தத்தில் குறைந்திருந்தால் நுரையீரல் எவ்வளவு நன்றாயிருந்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். வண்டி போதாதபோது சந்தையில் சரக்கு குவிந்து கிடந்து என்ன பிரயோஜனம்? விரல் கருவி இதைக் காட்டாது என்பதையும் கவனியுங்கள். இருக்கிற வண்டிகள் நிறைந்திருக்கின்றனவா என்றுதான் அது பார்க்கும். வண்டிகள் எத்தனை என்று எண்ணாது. மாதவிடாயில் அதிகமாகப் போகிற இரத்தமும், கொக்கிப் புழுவும், அடுத்தடுத்த பிரசவமும் இந்த இரத்தசோகைக்குக் காரணங்கள். எல்லோரும் தின்று முடிந்தபின் சட்டியில் மிஞ்சியதைத் தின்னுவதுதான் பெண்ணுக்கு அழகு என்று வைத்திருக்கிறோமே, அந்த அழகும் ஒரு காரணம்.

இரண்டாவது, அடுப்புப் புகை. "அவள் பீடி குடித்தாளா, சுருட்டுக் குடித்தாளா, அவளுக்கு எப்படி நுரையீரல் கெடும்?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷம் விறகும் வறட்டியும் வைத்து ஊதினாளே, அது எங்கே போகும்? புகைக்கு ஆண் புகை, பெண் புகை என்று ஜாதி கிடையாது. புகை பிடிக்கும் ஆணுக்கு வருகிற அதே மூச்சுக்குழல் அடைப்பு அவளுக்கும் வருகிறது. இதற்கு எக்ஸ்ரே மாத்திரம் போதாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே தோன்றலாம். குழாயில் பலமாக ஊதச் சொல்லி அளக்கிற ஸ்பைரோமெட்ரி என்ற பரீட்சை வேண்டும். இது நேற்று வந்த புதுமையல்ல. லண்டனில் ஹட்சின்சன் என்ற டாக்டர் அந்தக் கருவியைக்கொண்டு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அளந்து 1846-லேயே வெளியிட்டார். அவ்வளவு பழைய பரீட்சையை நம் பெண்களில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

மூன்றாவது, இருதய வால்வு. சிறுபிள்ளையில் தொண்டைப்புண்ணும், பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்து போயிருக்கும், யாருக்கும் ஞாபகமிராது. அந்தக் காய்ச்சல் இருதயத்தின் கதவொன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். கலியாணமாகிக் கர்ப்பமானவுடன் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. அப்போதுதான் சுருங்கிய கதவு தாங்காமல் மூச்சுத் திணறல் தலைகாட்டுகிறது. "மசக்கை", "கண்ணேறு" என்று வேப்பிலை அடிக்கிறார்கள். ஒரு ஸ்டெதஸ்கோப்பும், பிறகு எக்கோ என்ற பரீட்சையும் போதும் கண்டுபிடிக்க. தகுந்தவர்களுக்கு வயிற்றையும் மார்பையும் அறுக்காமல், காலிலுள்ள இரத்தக் குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி அக்கதவை விரிக்கிறார்கள். அந்த ஸ்டெதஸ்கோப் பிறந்த கதையும் ஒரு பெண்ணால்தான். 1816-ல் பாரிஸ் நகரில் லேனெக் என்ற டாக்டர், இருதய நோயுள்ள ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அவருடைய கூச்சம் ஒரு கருவியைக் கண்டுபிடித்தது. நம்முடைய கூச்சமோ பெண்ணை ஆஸ்பத்திரிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுகிறது.

ஆண்களைப் பற்றியும், இங்கே மில் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாலையில், அதிலும் பஞ்சு பிரிக்கிற, கோதுகிற பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை லீவு கழித்துத் திங்கட்கிழமை உள்ளே போனால் மார்பு இறுகி மூச்சு முட்டும். செவ்வாய், புதன் என்று போகப்போகக் குறையும். அடுத்த திங்கள் மறுபடியும் வரும். ஜோசியரைக் கேட்டால் திங்கட்கிழமைக்கு ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்துப் பரிகாரமும் சொல்லுவார். மேஸ்திரியைக் கேட்டால் லீவு முடிந்து வேலைக்கு வரச் சோம்பல் என்பார். உண்மையில் அது பஞ்சுத் தூசியினால் வரும் பிசினோசிஸ் என்ற வியாதி. இங்கிலாந்தில் லங்காஷையர் மில்களில் இருந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்து மில்களிலும் கண்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே தூசியைவிட்டு விலகினால் சரியாகும். வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் திங்கள் செவ்வாயாகி, செவ்வாய் எல்லா நாளுமாகி, நுரையீரல் திரும்ப வராதபடி கெடும். ஆகவே தூசியை இழுத்துக்கொள்ளும் இயந்திரம் வைக்கும்படி கேட்பது தொழிலாளியின் அதிகப்பிரசங்கமல்ல. அவனுடைய மூச்சை அவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

இந்தத் திங்கட்கிழமை இரகசியம் எப்படிப் பிடிபட்டது? எந்தக் கிழமை, எந்த வேலை என்று கேட்டு எழுதி வைத்ததனால்தான். ஆதலால் திணறல் உள்ளவர்கள் ஒரு காலணா நோட்டுப் புத்தகம் – இப்போது காலணாவுக்குக் கிடைக்காது, பத்து ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் – வாங்கி, எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், நின்றேனா படுத்தேனா, அருகில் புகையா பூனையா சாம்பிராணியா, எவ்வளவு நேரத்தில் நின்றது என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையை எழுதச் சொல்லட்டும். இரண்டு வாரம் எழுதிய இந்த நோட்டைக் கொண்டுபோய் டாக்டர் முன் வைத்தால், "ஒன்றுமில்லை" என்று சொல்ல அவர் சற்று யோசிப்பார்.

இவ்வளவும் பார்த்து, இரத்தம், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ, ஊதும் பரீட்சை எல்லாம் சரியாயிருந்து, இன்னும் திணறல் இருக்கிறவர்களும் உண்டு. இவர்கள் கதி என்ன?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதில் போர் செய்த சிப்பாய்கள் பலர் மூச்சு வாங்குகிறது, மார்பு படபடக்கிறது, வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டா காஸ்டா என்ற டாக்டர் அவர்களைச் சோதித்தார். இருதயம் கெட்டதற்கு அடையாளம் அகப்படவில்லை. அவர் அவர்களைக் கோழைகள் என்றோ பொய்யர்கள் என்றோ விரட்டாமல், கண்டதைக் கண்டபடி எழுதி 1871-ல் வெளியிட்டார். பிறகு 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்தில் இங்கிலாந்தில் இதே கதை நடந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள்! இருதய வியாதி என்று பெயரிட்டு அவர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள்; படுக்கப் படுக்க மோசமானார்கள். தாமஸ் லூயிஸ் என்ற டாக்டர் அவர்களை எழுப்பி, படிப்படியாகக் கூட்டிய உடற்பயிற்சி கொடுத்துப் பலரைத் தேற்றினார். குண்டுக்கு முன் நின்ற வீரனுக்கே பரீட்சையில் அகப்படாத மூச்சுத் திணறல் வருமானால், அடுப்புக்கு முன் நிற்கிற பெண்ணுக்கு வந்தால் மாத்திரம் அது பாசாங்கா?

இதில் ஒரு சுழல் இருக்கிறது. திணறல் வருகிறது, பயம் வருகிறது, பயத்தில் மேல்மார்பால் வேகவேகமாக மூச்சு விடுகிறோம், கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரலும் உதட்டோரமும் மரத்து, தலை சுற்றுகிறது, அதைக் கண்டு இன்னும் பயம். பிறகு திணறலுக்கு அஞ்சி நடப்பதை நிறுத்துகிறோம். நடக்காததால் கால் தசை நலிகிறது. நலிந்த கால் கொஞ்சம் நடந்தாலும் அதிக மூச்சைக் கேட்கிறது. பயம் இதில் ஒரு பங்காளி என்று நான் சொல்லுவதால், எல்லாம் மனப்பிராந்தி என்று சொன்னதாக யாரும் வீட்டில் போய் அர்த்தம் பண்ணக்கூடாது.

இச்சுழலைத் தளர்த்தச் சில காரியங்கள் செய்யலாம். காசு செலவில்லாதவை. திணறும்போது படுக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நிற்க நேர்ந்தால் திண்ணையிலோ சுவரிலோ கையை ஊன்றிச் சாயுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மாத்திரம் அசைப்பதுபோல், உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். இழுத்த நேரத்தைவிட விடுகிற நேரம் அதிகமாக இருக்கட்டும். குனிவதும், தூக்குவதும், படியேறுவதும் மூச்சை வெளியே விடும்போது செய்யுங்கள். அநேகர் அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். மெதுவாக மூச்சுவிட ஒரு சுவாமியாரும், தட்சிணையும், மான்தோலும் தேவையில்லை. படபடப்பில் மூச்சு வாங்குகிறவர் முகத்தில் காகிதப் பையை மூடுகிற பழைய வழக்கத்தை இப்போது டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். உண்மையில் ஆஸ்துமாவோ இருதய நோயோ இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

பிறகு விசிறி. சிரிக்காதீர்கள்! நீண்டநாள் மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஐந்து நிமிஷம் முகத்தில் காற்றுப்படவும், ஐந்து நிமிஷம் காலில் காற்றுப்படவும் கையடக்க விசிறியால் செய்து ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2010-ல் வெளிவந்தது. முகத்தில் பட்டபோது திணறல் குறைந்தது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்பு குளிர்ச்சியை மூளைக்குச் சொல்ல, திணறும் உணர்ச்சி தணிகிறது. நம் பனையோலை விசிறிக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் திணறுகிறவள் கையிலேயே விசிறியைக் கொடுத்துவிட்டுப் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அவன் வீசட்டும். கல்யாணமான நாள்முதல் அவள் அவனுக்கு வீசியிருக்கிறாள்.

நடப்பதையும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இன்று அடுத்த வீடு வரை, இரண்டு நாள் கழித்துத் தெருமுனை வரை. பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கினால் பயமில்லை. ஆனால் இது எல்லோருக்கும் ஒரே அளவாகப் பொருந்தாது. கொரோனாவுக்குப்பின் மாதக்கணக்கில் திணறுகிறவர்களில் சிலருக்கு, இன்று சற்று அதிகம் செய்தால் நாளையும் மறுநாளும் படுக்கையில் தள்ளிவிடுகிறது. அவர்கள் கூட்டக்கூடாது, தாங்கும் அளவுக்குள் நிற்க வேண்டும். இதற்கும் அந்த நோட்டுப் புத்தகம்தான் துணை.

ஆஸ்துமா என்று தெரிந்துவிட்ட பின்பும் ஒரு கூத்து நடக்கிறது. வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலரைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். "அது பழகிவிடும், கடைசி மருந்து, ரொம்ப வீரியம்" என்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: சால்பூட்டமால் என்ற மருந்து மாத்திரையாக விழுங்கினால் ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம், இன்ஹேலரில் ஓர் இழுப்புக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரைக்கு நாற்பது இழுப்புச் சமானம். எது வீரியம்? ஆனால் உடனே தளர்த்துகிற அந்த மருந்தை மாத்திரம் நம்பியிருப்பதும் தவறு. குழலின் வீக்கத்தைத் தணிக்கிற மருந்தும் சேர வேண்டும் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குறிப்புகள் 2019 முதல் சொல்லுகின்றன. ஐதராபாத்திலோ வருஷந்தோறும் ஜூன் மாதம் மிருகசீரிஷ நாளில், மருந்து வைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்க ஆயிரமாயிரம் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே வைக்கும் மருந்து இன்னதென்று வெளியே சொல்லப்படுவதில்லை. இலவசம்தானே என்று கேட்கிறார்கள். மீனை நம்பி இன்ஹேலரைத் தூக்கி எறிந்தவனுக்கு அது இலவசமா?

கடைசியாக, நோட்டும் விசிறியும் ஒன்றும் வேண்டாம், உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டிய சமயங்கள் இவை: திடீரென்று வந்த திணறல், ஒரு வாக்கியத்தை முழுதும் சொல்ல முடியாமை, மார்பு வலி, உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், இருமலில் இரத்தம், ஒரு கால் மாத்திரம் வீங்கி வலித்து அதோடு மூச்சு வாங்குதல், மயக்கம். இவற்றுக்கு இராகுகாலம் கழியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

தலைவர் மணியடிக்கப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். இன்றைக்குப் பெண்கள் முதலில் கேட்கட்டும்; அவர்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்று எழுந்துவிடுவதற்கு முன்னால்.